டுகாட்டோ, பாக்ஸர், ரிலே வேன்களில் இன்ஜின் மேல் மழைத்தண்ணீர் சொட்டாமல் காப்பது எப்படி?

ஃபியட் டுகாட்டோ, பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே ஆகிய மூன்றும் பெயரில்தான் வேறு, உள்ளே ஒரே வண்டிதான். இத்தாலியின் அதெஸ்ஸாவில் உள்ள செவெல் ஆலையில் ஃபியட்டும் பெஜோ-சிட்ரோயன் குழுமமும் சேர்ந்து தயாரித்தவை. 2006-ல் வந்த தலைமுறையை எக்ஸ்250 என்பார்கள். 2014-ல் முன்பக்கத்தை மாற்றி வெளியிட்டார்கள். பிரிட்டனில் ரிலே என்று விற்பதை மற்ற ஐரோப்பிய நாடுகளில் ஜம்ப்பர் என்ற பெயரில் பார்க்கலாம். கடைகளுக்குச் சரக்கு இறக்குவது முதல் உள்ளேயே தங்கிப் பயணிக்கும் மோட்டார்ஹோம் வரை எல்லா வேலைக்கும் ஓடுகிற வண்டி. ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் கட்டுபவர்கள் பெரும்பாலும் டுகாட்டோவின் மேல்தான் கட்டுகிறார்கள்.

இந்த எக்ஸ்250-க்கு ஊரறிந்த ஒரு குறை உண்டு. பலத்த மழைக்கு மறுநாள் பானட்டைத் தூக்கினால் இன்ஜினின் தலைமேல் (சிலிண்டர் ஹெட்), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள பள்ளங்களில், தண்ணீர் நிற்கும். தினமும் ஓடுகிற டெலிவரி வேனில் இன்ஜின் சூட்டிலேயே அது காய்ந்துவிடும், அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. அக்டோபரில் நிறுத்தி ஏப்ரலில் எடுக்கிற மோட்டார்ஹோமில்தான் வினை. ஆறு மாதம் ஊறிய இன்ஜெக்டர் துருப்பிடித்து, அலுமினியத் தலையோடு ஒட்டிக்கொண்டு, கழற்றவே வராமல் போகும். அதே காலத்து ஃபோர்டு டிரான்ஸிட்டிலும் இதே கதைதான். அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இதற்கு ஒரு டியூப் சிலிக்கானை வாங்கிக் கண்ட இடத்தில் அப்புவதுதான் பலரும் முதலில் செய்வது. அது தலைகீழ். முன்கண்ணாடியில் விழும் மழை, அதன் அடியில் இருக்கும் ஸ்கட்டில் என்ற பிளாஸ்டிக் தொட்டிக்குள் வந்தே தீரும். அந்தப் பகுதியே தண்ணீரை வாங்கி வெளியே அனுப்புவதற்காக அமைத்ததுதான். ஆகவே முதலில் தண்ணீருக்குப் போக்கு, அடுத்து மூட்டுகளை அடைப்பது, கடைசியாக இன்ஜினுக்கு மேலே ஒரு மறைப்பு. இந்த வரிசையை மாற்றினால், அடைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஒழுகும்.

தண்ணீர் வரும் வழிகள்

முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே, வைப்பர் கைகள் வெளியே வருகிற கருப்பு பிளாஸ்டிக் பகுதி இருக்கிறதே, அதுதான் ஸ்கட்டில். கண்ணாடியில் விழும் மழை மொத்தமும் வழிந்து அதில்தான் இறங்கும். ஒரு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 லிட்டர் தண்ணீர். வேனின் கண்ணாடி பெரியது. மோட்டார்ஹோம் என்றால் கூரைத் தண்ணீரும் சேர்ந்து வரும். ஒரே இரவில் இந்தச் சின்ன பிளாஸ்டிக் தொட்டி வாளி வாளியாகத் தண்ணீரைக் கடத்தியாக வேண்டும்.

எக்ஸ்250-ல் இந்தத் தொட்டி ஒரே துண்டாக இல்லை, பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்து மாட்டியது. துண்டுகள் சேரும் இடம் இன்ஜினுக்கு மேலேயே வருகிறது. அங்கே சிறு இடைவெளி விழுந்தாலும் சொட்டு நேராக இன்ஜின் தலையில்தான். இது போக, ஸ்கட்டிலின் மேல் விளிம்பு கண்ணாடியோடு ஒட்டாமல் தூக்கி நிற்பது, வைப்பர் தண்டு வெளியே வரும் ஓட்டை, இலை அடைத்த வடிகால், பானட்டின் பின்விளிம்பில் உள்ள ரப்பர் பட்டி கிழிந்திருப்பது ஆகியவையும் காரணமாகலாம். முன்கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் முதல் சந்தேகம் மேல் விளிம்பின் மேல்தான். கழற்றும்போது கிளிப் உடையும், உடைந்ததைச் சொல்லாமல் அப்படியே அமுக்கி வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் வேலை: இன்ஜினைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

இன்ஜின் நன்றாக ஆறியபின் மேல் மூடி இருந்தால் எடுத்துவிட்டு, டார்ச் அடித்து இன்ஜெக்டர்களின் அடியைப் பாருங்கள். மூன்று நிறங்கள் மூன்று செய்தி சொல்லும். இன்ஜெக்டர் உடலிலும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டிலும் பழுப்புத் துரு இருந்தால் மேலிருந்து தண்ணீர் விழுகிறது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் தண்ணீர் விழுவது மட்டுமல்ல, வெகுநாள் தேங்கியும் நின்றிருக்கிறது. தார் போலக் கெட்டியாகக் கருப்பாக இருந்தால் அது மழையின் வேலை அல்ல. இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் வழியாக எரிந்த வாயு கசிகிறது. அது வேறு நோய், தனி வைத்தியம். இதைக் குழப்பிக்கொண்டு ஸ்கட்டிலை அடைத்துப் பயனில்லை.

அப்படியே தலையை நிமிர்த்தி ஸ்கட்டிலின் அடிப்பாகத்தையும் பாருங்கள். தண்ணீர் வழக்கமாக ஓடும் பாதையில் அழுக்கு கோடு போட்டிருக்கும்.

இரண்டாவது: குழாய்ச் சோதனை

இதற்கு இன்னொருவர் துணை வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் மேல்பகுதி முழுவதையும் துடைத்துக் காயவைத்து, இன்ஜெக்டர்களின் மேல் சமையலறைக் காகிதத்தைப் பரப்புங்கள். ஸ்கட்டிலின் அடியில் கை எட்டுகிற இடமெல்லாம் முகப்பவுடரைத் தூவலாம். தண்ணீர் பட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

இனி தோட்டத்துக் குழாயை மிக மெல்லத் திறந்து, கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் ஸ்கட்டிலின் ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அப்புறம் மறு ஓரம், பிறகு நடு, பிறகு வைப்பர் தண்டைச் சுற்றி, எல்லாம் முடிந்தபின் கண்ணாடியின் மேல். எடுத்த எடுப்பில் கண்ணாடியில் விட்டால் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது. துணைக்கு வந்தவர் பானட்டின் கீழே டார்ச்சோடு நின்று, முதல் சொட்டு எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஃபோனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைக்கலாம்.

பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். மழை போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரை ஏற்றிவிடும், சோதனையே பொய்யாகிவிடும்.

முதல் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஒரு முழம்கூட நகர்ந்து வந்து சொட்டும். பவுடர் தூவுவது அதற்காகத்தான்.

மூன்றாவது: வடிகால்

ஸ்கட்டிலின் இரு ஓரங்களிலும் தண்ணீர் வெளியேறும் வழி இருக்கும். இலையுதிர் காலத்தில் மரத்தடியில் நின்ற வண்டியில் அங்கே இலையும் மண்ணும் மக்கி, செடி முளைக்கிற பதத்தில் இருக்கும். கையால் அள்ள முடிந்ததை அள்ளிவிட்டு, வளையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயையோ நைலான் கம்பியையோ விட்டு மெதுவாக ஆட்டி எடுங்கள். கூரான இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், அடைப்பு போவதற்குள் இணைப்பு கழன்றுவிடும்.

பிறகு ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்காமல் கடகடவென்று கீழே போக வேண்டும். எங்கே போய் விழுகிறது என்பதையும் குனிந்து பாருங்கள். வடிந்த தண்ணீர் வயர் கட்டின் மேலோ கியர்பாக்ஸின் மேலோ விழுந்தால் வடிகால் இருந்தும் பயன் இல்லை. சரியான அளவு ரப்பர் குழாயைச் செருகி, கிளிப் போட்டு, சூடான பகுதிகளிலிருந்து விலக்கி, அடிவரை இறக்கிவிடுங்கள். குழாயில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பல வண்டிகளில் பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். குழாய்ச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். சொட்டு நின்றுவிட்டால் ஸ்கட்டிலைக் கழற்றும் வேலையே வேண்டாம்.

நான்காவது: ஸ்கட்டிலைக் கழற்றுதல்

இதமான வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிரில் பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும். அப்படியும் செய்தாக வேண்டுமென்றால் ஹேர் டிரையரால் சூடுகாட்டிக்கொண்டே கழற்றுங்கள்.

வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது வைப்பர் கண்ணாடி விளிம்பில் போய் இடிக்கும். மூடியை நெம்பி நட்டைக் கழற்றியதும் வைப்பர் கை உடனே வராது. பல்லுப் பல்லாக வெட்டிய தண்டில் துருவோடு இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் வைப்பர் புல்லர் என்ற சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடியில் ஊன்றி நெம்பினால் வைப்பர் வருமோ வராதோ, கண்ணாடி போய்விடும்.

திருகுகளையும் கிளிப்புகளையும் எடுத்தபின் ஸ்கட்டிலை ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்துத் தூக்குங்கள். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் குழாய் மாட்டியிருந்தால் விடுவியுங்கள். உடைந்த கிளிப் ஒவ்வொன்றுக்கும் புதியது வாங்கிவிடுங்கள். ஒரு கிளிப் இல்லாத இடத்தில் விளிம்பு தூக்கும், சீலன்ட் என்ற அடைப்புப் பசையை எவ்வளவு போட்டாலும் தூக்கிய இடம் ஒட்டாது. பிளாஸ்டிக்கே வெடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் புது ஸ்கட்டில் வாங்குவதே மேல்.

ஐந்தாவது: அடைப்பது

இங்கே பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வண்டிகளின் இந்த மாதிரிப் பகுதிகளைப் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக்கில் செய்வார்கள். அதில் சாதாரண சீலன்ட் எதுவும் உறுதியாகப் பிடிக்காது. பார்க்க ஒட்டியது போல இருக்கும், ஒரு குளிர்காலம் போனதும் தோல் உரிவது போல உரிந்து வரும். அதனால் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து, திருகால் இறுக்கும்போது நசுங்கிப் பிடிக்கிற பொருளாக இருக்க வேண்டும். என் தேர்வு பியூட்டைல் டேப். கருப்பாக, பிசின் போல ஒட்டும் பட்டி. காய்ந்து இறுகாது, பல வருடம் மெத்தென்றே இருக்கும், நாளை கழற்ற வேண்டுமென்றாலும் வரும். துண்டுகள் சேரும் மூட்டுக்கு இதுதான் சரி.

கண்ணாடியைத் தொடும் மேல் விளிம்புக்கு ஃபோம் பட்டி. அதில் குளோஸ்டு செல் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்றது ஸ்பான்ஜ். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

டியூப் சீலன்ட் போட்டே ஆக வேண்டிய உலோக மூட்டு இருந்தால் பாலியூரித்தேன் வகை. வினிகர் வாடை அடிக்கிற குளியலறை சிலிக்கானை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறி உலோகத்தை அரிக்கும். துருவைத் தடுக்கப் போய்த் துருவை வாங்கி வந்த கதை ஆகிவிடும்.

ஒட்டும் இடத்தில் பழைய பசை, மெழுகு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பிறகு விரல் படாமல் டேப்பைப் போட்டு, மூட்டின் முழு நீளத்துக்கும் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே போங்கள். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

அடைக்கக் கூடாத இடங்களும் உண்டு. வடிகால் வாயை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. வண்டிக்குள் காற்று இழுக்கும் ஹீட்டர் ப்ளோயரின் வாய் இந்தப் பகுதியில்தான் இருக்கும், அதையும் மூடக் கூடாது. மூடினால் கண்ணாடியில் பனி மூட்டம் போகவே போகாது. வைப்பர் தண்டு சுழல வேண்டியது, அதைச் சுற்றி ரப்பர் வளையம் மாற்றலாமே தவிர சீலன்ட் போடக் கூடாது.

டேப் மட்டும் போட்டிருந்தால் அன்றே குழாய்ச் சோதனை செய்யலாம். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை வாங்கி மேலிருந்து உள்ளே நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் காயும். தடிமனாகப் போட்டிருந்தால் இரண்டு நாளாவது விட்டுவிடுங்கள்.

ஆறாவது: இன்ஜினுக்கு மேலே ஒரு மறைப்பு

எவ்வளவு நன்றாக அடைத்தாலும் ஐந்தாறு வருடத்தில் எங்காவது ஒரு சொட்டு வரும். அது இன்ஜெக்டரில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்கட்டிலின் அடியில், இன்ஜெக்டர்களுக்கு மேலே, மெல்லிய அலுமினியத் தகட்டைச் சற்றுச் சரிவாகப் பொருத்தி, தண்ணீர் ஓரமாகப் போய் விழும்படி செய்யலாம். தகடு எங்கும் வயரில் உராயக் கூடாது, அசையும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது, காற்று போக இடைவெளி விட வேண்டும். வீட்டுக்கு வாங்கும் ஃபோம் ஷீட், பபிள் ஃபாயில் போன்றவற்றை இன்ஜினின் மேல் விரிக்கிறார்கள். அது எண்ணெயை உறிஞ்சி டர்போ சூட்டில் தீப்பிடிக்க வழி செய்வது. வேண்டாம்.

நிறுத்தி வைக்கும் மோட்டார்ஹோமுக்கு இதைவிடச் சுலபமான வழி வெளியே இருக்கிறது. முன்கண்ணாடிக்கு வெளியே போர்த்தும் உறையை, ஸ்கட்டிலையும் தாண்டிப் பானட்டின் மேல் வரை நீளும் அளவில் வாங்குங்கள். தண்ணீர் ஸ்கட்டிலுக்குள் இறங்காமல் பானட் வழியாகவே ஓடிவிடும். ஆறு மாதம் நிற்கும் வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், சீலன்ட் எல்லாம் அப்புறம்.

நிறுத்தும் விதமும் முக்கியம். முன்பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்கட்டில் தண்ணீர் இன்ஜின் பக்கம் சாயும். முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள், மரத்தடியைத் தவிருங்கள்.

ஏற்கெனவே நனைந்த இன்ஜினுக்கு

பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை ஸ்பான்ஜாலோ பெரிய சிரிஞ்சாலோ எடுத்துவிட்டு, துணியால் ஒற்றி, இன்ஜினை ஓடவிட்டுக் காயவையுங்கள். ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களில் கை வைக்க வேண்டாம். அவற்றுக்குள் டீசலின் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகக்கூடும், ஊசி முனை அளவு கசிவு கூடத் தோலைத் துளைக்கும். துருப்பிடித்த கிளாம்ப் போல்ட்டைப் பலம் போட்டுத் திருகவும் வேண்டாம். உடைந்தால் தலையையே இறக்க வேண்டி வரும். ஒட்டிப்போன இன்ஜெக்டரைச் சுத்தியலால் தட்டாமல், ஹைட்ராலிக் புல்லர் வைத்திருக்கும் டீசல் மெக்கானிக்கிடம் விடுவதே செலவு குறைந்த வழி.

இன்ஜெக்டர் பிளக்குகள் பச்சை பூத்திருந்தால், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். எக்ஸ்250-ல் பேட்டரி பானட்டுக்குள் இல்லை, வண்டிக்குள் இடப்பக்கம் கால் வைக்கும் தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கேயும் ஈரம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டையும் இந்த வண்டிகளில் அரித்துப்போவது வழக்கம். ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி வாங்குவதற்கு முன் அந்தப் பட்டையை மாற்றிப் பாருங்கள், சில பவுண்டுகளில் முடிகிற வேலை.

கீழிருந்து தெறிக்கும் தண்ணீருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பும் இன்ஜினின் அடித்தட்டும் முழுதாக இருக்க வேண்டும். சர்வீஸுக்குக் கழற்றிய அடித்தட்டை மறுபடி மாட்டாமலே விட்டுவிடுவது உண்டு. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு அந்த வழியாகத்தான் ஏறும்.

பழைய வேன் வாங்குகிறவர்களுக்கு

விற்பவர் இன்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் மகிழ வேண்டாம். இன்ஜெக்டரின் அடியில் டார்ச் அடித்து, கழுவினாலும் போகாத துருவைத் தேடுங்கள். ஸ்கட்டிலில் கண்டபடி அப்பிய சிலிக்கான் இருந்தால் அந்த வண்டியில் வெகுநாளாக ஒழுகியிருக்கிறது, இன்னும் ஒழுகிக்கொண்டும் இருக்கலாம். ஒரு பாட்டில் தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், அனுமதி கேட்டுவிட்டு ஸ்கட்டிலின் நடுவில் ஊற்றிப் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். அதற்கு மறுக்கிற ஆளிடம் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.